பதில் வராத சுற்றுகள்

வியன்னாவில் எங்கள் இயற்பியல் ஆய்வு நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. வியாழக்கிழமை செமினாரில் யார் சொன்னது தவறு என்று நிரூபணமாகிறதோ, அவர் அடுத்த வியாழன் கேக் கொண்டுவர வேண்டும். இயக்குநர், மாணவர் என்ற பேதம் கிடையாது. கடையில் வாங்கி வந்தாலும் தின்பார்கள், ஆனால் முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்பார்கள். வீட்டில் சுட்டதுதான் மரியாதை. நான் டிரோல் மலைப்பக்கத்துக்காரி. என் கேக் நடுவில் வேகாது என்பது ஊரறிந்த விஷயம். அதனாலேயே எதையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் அந்த அறையில் நான் வாய் திறப்பதில்லை.

ஓட்மார் வீசிங்கர் அதே அறையில் முப்பது வருடம் வாய் ஓயாமல் பேசியவர். ஒரு தடவைகூடக் கேக் கொண்டுவந்ததில்லை. தவறே செய்யாத மகான் என்று நினைக்க வேண்டாம். அவருடைய கட்சியை முழுசாகப் பொய்யாக்க எங்களில் யாராலும் முடியவில்லை, அவ்வளவுதான்.

அவர் காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு யோசிக்கிற ஆள். நான் லேசரோடும் கண்ணாடிகளோடும் மல்லுக்கட்டுகிறவள். இருவருக்கும் எதிரெதிர் அறை. வியன்னாவில் பட்டம் சேர்க்காமல் ஒருவரைக் கூப்பிட்டால் அது பெரிய குற்றம். ஆனால் மலையில் ஆயிரம் மீட்டருக்கு மேலே எல்லோரும் எல்லோருக்கும் ‘நீ’தான். ஒரு குளிர்காலம் நிலையத்தோடு பனிச்சறுக்கப் போனபோது நானும் அவரும் கம்பியில் தொங்கி மலையேறுகிற ஒரே நாற்காலியில் மேலே போனோம். உச்சியில் இறங்கியதும் கையுறையைக் கழற்றிக் கையை நீட்டி, “நான் ஓட்மார்” என்றார். “நான் பூர்கி” என்றேன். ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்த ‘நீ’ நிலைத்துவிட்டது. கிண்டல் பண்ணும்போது மட்டும் அவருக்கு நான் டாக்டரம்மா, எனக்கு அவர் பேராசிரியர்.

அவருடைய கட்சியைச் சொல்லிவிடுகிறேன். ஒரே இடத்திலிருந்து இரண்டு ஒளித்துகள்கள் ஜோடியாகப் பிறக்கின்றன. ஒன்று எங்கள் நிலவறைக்கு வருகிறது. மற்றது டானூப் கால்வாய்க்கு அந்தப் பக்கம், ஒரு பழைய சர்க்கரைக் கிடங்குக்குப் போகிறது. இரண்டு இடத்திலும் துகளிடம் ஒரு கேள்வி கேட்கிறோம். மொத்தமே மூன்று கேள்விகள், அதில் எது என்பது கடைசி நொடியில்தான் முடிவாகும். பதில் ஆம் அல்லது இல்லை. இரண்டு பக்கமும் ஒரே கேள்வி விழுந்தால் பதிலும் எப்போதும் ஒன்றாகவே வருகிறது. இங்கே என்ன கேட்டோம் என்று அங்கே சேதி போக நேரமே இல்லை, ஒளியேகூட அதற்குள் போய்ச் சேராது.

“இதுல என்ன அதிசயம்?” என்பார் ஓட்மார். “பொறக்கும்போதே மூணு கேள்விக்கும் பதில எழுதி மடியில கட்டிக்கிட்டு வருதுங்க. என்னையும் ஹெர்ட்டாவையும் தனித்தனி ரூம்ல வச்சி, போல்டி வீட்டு சூப்பு எப்படின்னு கேளு. ரெண்டு பேரும் ‘உப்பு பத்தல’ன்னுதான் சொல்வோம். எங்களுக்கு நடுவுல என்ன மாயக்கயிறா ஓடுது?”

ஹெர்ட்டா அவர் மனைவி, மருந்துக்கடை நடத்தி ஓய்வு பெற்றவர். போல்டி அவர்களோடு ஓட்டாக்ரிங் பேட்டைக் காப்பிக்கடையில் டரோக் சீட்டு விளையாடுகிற முன்னாள் டிராம் ஓட்டுநர். ஓட்மார் எதை விளக்கினாலும் அதில் போல்டி வந்துவிடுவான்.

ஒரே கேள்வியோடு கதை முடிந்திருந்தால் ஓட்மார் சொல்வதுதான் சரி, நாங்களும் வேறு வேலை பார்த்திருப்போம். வம்பு வேறு வேறு கேள்வி கேட்கும்போதுதான். மூன்று சீட்டை மேசையில் கவிழ்த்து வையுங்கள், ஒவ்வொன்றும் சிவப்பு அல்லது கறுப்பு. எப்படி வைத்தாலும் குறைந்தது இரண்டு சீட்டு ஒரே நிறமாக இருந்தே தீரும். அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு சீட்டை எடுத்தால், குறைந்தது மூன்றில் ஒரு தடவை நிறம் ஒத்துப்போகும். மடியில் பதில் கட்டிவந்த துகள்களுக்கும் இதே கணக்குதான்: வேறு வேறு கேள்வி கேட்டால் மூன்றில் ஒரு தடவைக்குக் குறையாமல் பதில் ஒத்துப்போக வேண்டும். எங்கள் துகள்கள் நான்கில் ஒரு தடவைதான் ஒத்துப்போயின. முன்கூட்டியே எழுதிய எந்தப் பதில் பட்டியலாலும், தலைகீழாக நின்றாலும், அவ்வளவு கீழே போக முடியாது.

ஓட்மார் இதை நம்பவில்லை. எங்கோ ஓட்டை இருக்கிறது என்பார். உலகத்தில் எதுவும் ஒன்றைத் தொட்டுத்தான் இன்னொன்றை நகர்த்துகிறது, ஒவ்வொன்றும் முந்தையதிலிருந்துதான் வருகிறது, கடிகாரத்துக்குள் இருக்கிற பல்சக்கரம் போல. இதை முழுசாக எழுதி ஒரு புத்தகம் வைத்திருந்தார். முப்பது வருட உழைப்பு. கிராட்ஸ் நகரத்தில் ஒரு பதிப்பகம் அச்சுக்குத் தயாராக வைத்திருந்தது.

எங்கள் இயக்குநர் எக்கார்ட் பொறுமைசாலி அல்ல. ஒரு வியாழக்கிழமை பேச்சை நிறுத்திவிட்டார்.

“ஓட்மார், இனி வாய்ச்சண்ட வேணாம். ரெண்டு கம்ப்யூட்டர். ஒண்ணு நிலவறைல, ஒண்ணு மேல்மாடில. நடுவுல ஒரு கம்பி கெடையாது. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரெண்டுக்கும் என்ன வேணா சொல்லிக்குடு. கேள்வி நாங்க கேப்போம். ஒரே கேள்விக்கு ஒரே பதில் வந்து, வேற வேற கேள்விக்கு நாலுல ஒண்ணுதான் ஒத்துப்போச்சுன்னா, நாங்க அத்தன பேரும் கேக் சுடறோம்.”

“வரலன்னா?”

“நீ சுடு.”

“ஹெர்ட்டாதான் சுடணும். அவகிட்ட கேட்டுட்டு சொல்றேன்” என்றார் ஓட்மார்.

விதிகளை எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. யோசிக்க ஒன்றுமில்லை, எங்கள் சோதனைக்கு என்ன விதியோ அதையே படியெடுத்துக் கொடுத்தேன். அந்தக் காலத்தில் துகளைப் பிடிக்கிற எங்கள் கருவிகள் பத்தில் ஒன்பதைத் தவறவிடும். நாங்கள் அவற்றைக் ‘கண்’ என்போம், ஏறக்குறைய குருட்டுக் கண்கள். இரண்டு பக்கமும் பதில் வந்த சுற்றுகளை மட்டும் எண்ணுவோம். ஒரு பக்கம் மட்டும் வந்தால் அந்தச் சுற்று குப்பைக்கு. உலகம் முழுவதும் இந்த வேலை செய்கிற எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். தவறிப்போன துகள்களும் அகப்பட்ட துகள்களைப் போலத்தான் இருந்திருக்கும் என்று நம்பினோம், ஒரு கரண்டி சூப்பை ருசித்துவிட்டுப் பானை முழுவதையும் பற்றிப் பேசுகிற மாதிரி.

போட்டி ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. ஓட்மாரின் கம்ப்யூட்டர்கள் ஒரே கேள்விக்கு ஒரு தடவைகூடப் பிசகாமல் ஒரே பதில் சொல்லின. வேறு வேறு கேள்விக்கு நான்கில் ஒரு தடவைதான் ஒத்துப்போயின. எங்கள் துகள்கள் எப்படியோ அப்படியே.

எக்கார்டின் முகம் வெளுத்துவிட்டது. இரண்டு மாணவர்கள் சுவரைத் தட்டித் தட்டி ஒளித்து வைத்த கம்பியைத் தேடினார்கள். நான் எண்களை மறுபடி கூட்டினேன். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஆறில் ஒரு தடவை பதிலே சொல்லாமல் இருந்தது கண்ணில் பட்டது. பட்டும் அதை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. எங்கள் கண்களே பத்தில் ஒன்பதைத் தவறவிடும்போது, ஆறில் ஒன்று தவறினால் யார் கேள்வி கேட்பார்கள்?

வியாழக்கிழமை ஓட்மார் சட்டைப்பையிலிருந்து மூன்று சீட்டை எடுத்து மேசையில் போட்டார். இரண்டு சிவப்பு, ஒன்று கறுப்பு.

“என் கம்ப்யூட்டர் ரெண்டும் சாதாரணமா பட்டியல் எடுத்துக்கிட்டுதான் போச்சு. ரெண்டு சிவப்பு, ஒரு கறுப்பு. ஆனா ரெண்டு பேர்ல ஒருத்தன்கிட்ட மட்டும் ஒண்ணு சொல்லி வச்சிருந்தேன். இதோ இந்த மொத சிவப்பக் கேட்டா வாயத் தொறக்காத. பாஸ் சொல்லிடு. யாரு பாஸ் சொல்றது, எதுக்குச் சொல்றதுன்னு ஒவ்வொரு சுத்துக்கும் மாத்தி வச்சேன். அவ்வளவுதான்.”

“பாஸா?” என்றார் எக்கார்ட்.

“டரோக்ல கை சரியில்லன்னா பாஸ் சொல்றோமே, அதுதான். பாஸ் சொன்ன சுத்த நீங்களே எடுத்துக் குப்பைல போட்டுட்டீங்க. நான் போடச் சொல்லல. டாக்டரம்மா எழுதின விதி.”

அவர் சொன்னது கணக்குக்குச் சரியாக வந்தது. வேறு வேறு கேள்வி விழும் ஆறு விதத்தில், ஒத்துப்போகிற இரண்டில் ஒன்றையும் ஒத்துப்போகாத நான்கில் ஒன்றையும் அந்த மௌனம் தின்றுவிட்டது. மிஞ்சியதில் நான்கில் ஒன்று.

“இது ஏமாத்து வேல!” எக்கார்ட் மேசையைத் தட்டினார்.

“ஏமாத்துதான். உங்க துகளும் இதே ஏமாத்த செய்யலன்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

அத்தனை வருடம் நாங்கள் அச்சிட்ட கட்டுரைகள் எல்லாம் குப்பையில் போட்ட சுற்றுகளின் மேல் நின்றுகொண்டிருந்தன. அடுத்த வியாழன் மேசையில் கேக் வைக்க இடமில்லை. ஓட்மார் ஒவ்வொன்றையும் ருசி பார்த்துவிட்டு, என் கேக்கில் மட்டும் இரண்டு துண்டு தின்றார்.

“நடுவுல பச்சையா இருக்கு” என்றார்.

“யாரு உன்ன திங்கச் சொன்னா?”

“பாஸ் கெடையாதுன்னு வச்சா என் பட்டியல் தோக்கும், பூர்கி. மூணுல ஒண்ணுக்குக் கீழ போகவே போகாது. அது எனக்கும் தெரியும். உன் துகள் என்ன பண்ணும், அத நீ சொல்லு.”

“சொல்ல முடியாது. என் கண்ணு குருடு.”

“அப்போ நல்ல கண்ணு செய். ஒரு சுத்தக்கூட எறியாத. எறியாம எண்ணி, அப்பவும் எல்லையத் தாண்டுச்சுன்னா புத்தகத்த நான் திரும்ப வாங்கிக்கறேன். நான் தப்புன்னு இதே ரூம்ல நின்னு சொல்றேன். அதுவரைக்கும் அச்சடிக்க வேணாம்னு கிராட்ஸுக்குச் சொல்லிட்டேன்.”

எனக்கு எரிச்சலாக இருந்தது. ஜெயித்த மனிதன், புத்தகத்தை வெளியிட்டுவிட்டு மாலை போட்டுக்கொண்டு திரியலாம். இவர் என்னவென்றால் எனக்கு வேலை வைக்கிறார்.

நல்ல கண் செய்யச் சில வருடங்கள் ஆயின. குளிரின் கடைசிப் படி வரைக்கும் குளிர்வித்தால்தான் அது துகளைத் தவறவிடாமல் பார்க்கும். அதற்குள் ஓட்மார் ஓய்வு பெற்றுவிட்டார். அறையைக் காலி பண்ணச் சொல்லி எக்கார்ட் கேட்கவில்லை. குறை கண்டுபிடிக்க ஓர் ஆள் வேண்டும், சம்பளமில்லாமல் அந்த வேலைக்கு ஓட்மாரை விட்டால் வேறு யார் வருவார்கள்? தினமும் காலையில் தயிர்க்கட்டி வைத்த இனிப்பு ரொட்டி இரண்டு வாங்கிக்கொண்டு வருவார். ஒன்று எனக்கு. அதைக் கடித்துக்கொண்டே நிலவறையில் என் தலைக்கு மேல் நிற்பார்.

“இந்தக் கம்பி எதுக்கு இவ்வளவு நீளம்?”

“சுருட்டி வச்சிருக்கு.”

“சுருட்டினா மட்டும் நீளம் கொறையுமா? கேள்வி முடிவாகறதுக்கும் பதில் வர்றதுக்கும் நடுவுல நேரம் நீளுது. அந்த நேரத்துல இங்கேர்ந்து கிடங்குக்கு சேதி போயிடும்.”

கம்பியை வெட்டினோம். இன்னொரு நாள் கிடங்குக்குப் போய்த் தூரத்தைத் தன் கையாலேயே அளந்துவிட்டு வந்தார், பழைய வரைபடத்தை நம்ப மாட்டாராம். அவர் கண்டுபிடித்த ஒவ்வொரு ஓட்டையையும் நான் அடைத்தேன். அவருடைய கட்சி தப்பித்துப் போகக்கூடிய வழி ஒவ்வொன்றையும் அவரே காட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இந்த மனிதருக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரிகிறதா என்று நான் யோசித்ததுண்டு.

கடைசியாக அவர் கை வைத்தது கேள்வியைத் தேர்ந்தெடுக்கிற கருவியில்.

“துகளும் உன்னுது, கேள்வி போடற கருவியும் உன்னுது. ரெண்டும் கூட்டுக் களவாணியா இருந்தா?”

“சரி பேராசிரியரே, எத வச்சி கேள்வி போடணும்? நீயே சொல்லு.”

இரண்டு ஒலிப்பதிவுகளைக் கொண்டுவந்தார். ஒன்று ஓட்டாக்ரிங் காப்பிக்கடையில் அவர்களுடைய சீட்டு மேசைச் சத்தம், முக்கால்வாசி போல்டியின் கூச்சல். மற்றது ஹெர்ட்டாவின் தேவாலயப் பாட்டுக்குழு ஒத்திகை. அந்தச் சத்தங்களை எண்ணாக மாற்றி, எங்கள் கருவியின் எண்ணோடு கலந்து கேள்வியை முடிவு செய்தோம். நிலவறைக்குச் சீட்டு மேசை, கிடங்குக்குப் பாட்டுக்குழு. இதற்குமேல் அவராலும் ஒன்றும் கேட்க முடியவில்லை.

சோதனை தொடங்குவதற்கு முன் ஹெர்ட்டா என்னைக் காப்பிக்கு வரச் சொன்னார். மத்தியான நேரம், சீட்டு மேசை காலியாக இருந்தது. காப்பியோடு வந்த தண்ணீர் கிளாஸை நகர்த்தி வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். மருந்துக்கடைக்காரர், சுற்றி வளைக்கத் தெரியாது.

“பூர்கி, அந்தப் புத்தகம் போச்சுன்னா இந்த மனுஷன் என்ன பண்ணுவாரு?”

“தெரியல ஹெர்ட்டா.”

“எனக்குத் தெரியும். ஒண்ணும் பண்ண மாட்டாரு. அதுதான் பயம். எழுபது வயசு. காலைல எழுந்து பல்லு வெளக்கறதே அதுக்காகத்தான். நீ ஒண்ணு செய். ஒரு சன்னல மட்டும் தொறந்து வச்சிடேன்.”

“என்ன சன்னல்?”

“எனக்கென்ன தெரியும்? ஓட்டை ஓட்டைன்னு தெனமும் சாப்பாட்டு மேசைல சொல்றாரே. அதுல ஒண்ணு. சின்னதா. ‘இன்னும் இது பாக்கி இருக்கு’ன்னு சொல்லிக்கிட்டு அவரு பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும். யாருக்கு நஷ்டம்?”

“தொறந்து வச்சா அவரே கண்டுபுடிச்சிடுவாரு. அங்க ஓட்டை கண்டுபுடிக்கறதே அவருதான்.”

ஹெர்ட்டா சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. “அப்போ அவரு கண்டுபுடிக்க முடியாத எடத்துல வை. எல்லாம் முடிஞ்சப்புறம் நீயே சொல்லு. ‘அடடா, இத விட்டுட்டோமே’ன்னு.”

நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. டிராமில் திரும்பி வரும்போது எங்கே வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். ஓர் இடம் தெரிந்தது. கிடங்குப் பக்கத்துக் கடிகாரத்தைக் கொஞ்சம் பிந்த வைத்தால் போதும், சேதி போக நேரம் இருந்தது என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம், யாரும் பார்க்க மாட்டார்கள். எனக்கு ஓட்மாரைப் பிடிக்கும். என் அப்பாவோடுகூட நான் அவ்வளவு பேசியிருக்க மாட்டேன். ஆனாலும் நான் அதைச் செய்யவில்லை. எல்லா ஓட்டையையும் தேடிக் கொடுத்த மனிதருக்குத் தெரியாமல் அவருக்காகவே ஓர் ஓட்டையைத் திறந்து வைப்பது, அவர் தட்டில் பொம்மைச் சோறு வைக்கிற மாதிரி இருந்தது. நினைத்தாலே வெட்கமாக இருந்தது.

எங்கள் தொழிலில் முடிவை உடனே பார்ப்பதில்லை. எண்கள் பூட்டிய பெட்டியில் கிடக்கும். எப்படி எண்ணுவது என்பதில் எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான், எல்லோர் முன்னாலும் திறப்போம். முன்னாலேயே எட்டிப் பார்த்தால் மனசு தனக்குப் பிடித்த பக்கம் சாய்ந்துவிடும். ஓட்மார் கையெழுத்தைக் கடைசியாகப் போட்டார். திறக்கிற நாள் வியாழக்கிழமை, காலை செமினார் நேரம்.

அன்றைக்கு ஒரு பெரிய துணிப்பையோடு வந்து, அதை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். புதிதாகச் சவரம் பண்ணியிருந்தார். நான் பொத்தானை அழுத்தினேன். சுவரில் எண் வந்தது.

ஒரு சுற்றுகூட எறியப்படவில்லை. பதில் வராத இடமெல்லாம் ‘இல்லை’ என்று எண்ணப்பட்டது. அப்படி எண்ணும்போது கணக்கு கொஞ்சம் மாறும், ஆனால் பட்டியல் எதனாலும் தாண்ட முடியாத ஓர் எல்லை அதிலும் உண்டு. எங்கள் துகள்கள் அந்த எல்லையைத் தாண்டியிருந்தன. அதிகமில்லை. ஆனால் ஒரு பட்டியல் அதிர்ஷ்டவசமாக அங்கே போய்ச் சேர வாய்ப்பு இல்லவே இல்லை என்று சொல்லும் அளவுக்குத் தாண்டியிருந்தன.

யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் ஓட்மாரைப் பார்க்காமல் இருக்க முயன்றுகொண்டிருந்தார்கள்.

“எறிஞ்சது?” என்று கேட்டார் ஓட்மார்.

“ஒண்ணு கூட இல்ல.”

“பாஸ்?”

“அதையும் எண்ணியாச்சு.”

“தூரம்?”

“நீ அளந்ததுதான்.”

தலையை ஆட்டிக்கொண்டார். எனக்கு ஹெர்ட்டாவின் முகம் நினைவுக்கு வந்தது. இரண்டு தடவை சரிபார்க்காமல் நான் அந்த அறையில் பேசியது அன்று ஒரு நாள்தான்.

“ஓட்மார், இன்னும் ஒரு வழி இருக்கு” என்றேன். “கேள்வி எதுன்னு அந்த நேரத்துல முடிவானதா நாம நெனைக்கறோம். ஒருவேள உலகம் பொறந்தப்பவே அதுவும் முடிவாயிருந்தா? எந்தக் கேள்வி வரும்னு துகளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, பட்டியலே போதும். எல்லை கெடையாது. அத எந்தச் சோதனையாலயும் பொய்யாக்க முடியாது. புத்தகத்துல கடைசி அத்தியாயத்த மட்டும் மாத்தினா…”

எக்கார்ட் என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார்.

ஓட்மார் என் பக்கம் திரும்பினார். “நிலவறைல கேள்வி எதுலேர்ந்து வந்துச்சு?”

“எங்க கருவி. அதோட உன் சீட்டு மேச சத்தம்.”

“அந்த சத்தத்துல போல்டி கத்தறான் தெரியுமா? ராஜாவ கைல வச்சிக்கிட்டே மறந்துபோயி வேற சீட்டப் போட்டுட்டான். என்னாலதான்னு என்னத் திட்டறான். அந்தப் பக்கம் ஹெர்ட்டா பாட்டுல ரெண்டாவது அடிய முன்கூட்டியே எடுத்துட்டா, பாதிரியார் நிறுத்தி மறுபடி பாடச் சொல்றாரு.” அவர் சுவரில் இருந்த எண்ணைப் பார்த்தார். “நீ சொல்ற வழில போனா, போல்டி மறந்தது, ஹெர்ட்டா தப்பா பாடினது, எல்லாம் சேர்ந்து அந்தத் துகளுக்கு முன்னாடியே சேதி சொல்லி வச்சிருக்கு. எதுக்கு? எல்லை தாண்டின மாதிரி எனக்குக் காட்டறதுக்கு. என்ன ஏமாத்த உலகம் இவ்வளவு மெனக்கெடுமா, பூர்கி? நான் அவ்வளவு பெரிய ஆளா?”

ஒரு மாணவன் சிரித்துவிட்டான். ஓட்மாரும் சிரித்தார்.

“அந்த வழில போனா எத வேணாலும் காப்பாத்தலாம். போல்டி சொல்ற ஜோசியத்தக்கூட” என்றவர் எழுந்து நின்றார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். “நான் சொல்லிட்டு வந்தது தப்பு. புத்தகம் வராது.”

உட்கார்ந்துவிட்டார். முப்பது வருடம் அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டது. எனக்கு ஜெயித்த மாதிரியே இல்லை.

“அடுத்த வியாழன் கேக், ஓட்மார்” என்றார் எக்கார்ட். “அவசரமில்ல.”

ஓட்மார் குனிந்து துணிப்பையை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே ஹெர்ட்டாவின் பெரிய தட்டு, அதன்மேல் வளையமாகச் சுட்ட கூகல்ஹுப்ஃப் கேக். மேலே தூவிய சர்க்கரைப் பொடி ஈரமாகி உள்ளே இறங்கியிருந்தது. கேக் விஷயத்தில் எனக்கு எதுவும் தெரியாது என்றாலும் இவ்வளவு தெரியும். அது அன்று காலையில் சுட்டதல்ல.

பக்கத்தில் போய், மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டேன். “எப்ப சுட்டது?”

“நேத்து சாயங்காலம்.”

“நேத்து பெட்டியே தொறக்கலயே.”

“ஹெர்ட்டாவும் அதத்தான் கேட்டா.” கத்தியை எடுத்து என் கையில் கொடுத்தார். “அவ உன்கிட்ட என்ன கேட்டான்னும் சொன்னா. போன வாரம், அழுதுகிட்டே.”

நான் கத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று சொல்ல முடியவில்லை.

“நான் ஓட்டை எதுவும் வைக்கல, ஓட்மார்.”

“தெரியும். தேடினேன்” என்றார். “மொத நாளே கிடங்குக் கடிகாரத்தத்தான் போய்ப் பாத்தேன், நானா இருந்தா அங்கதான் வச்சிருப்பேன். சரியா ஓடுது. அப்புறம் ஒவ்வொண்ணா, நேத்து மத்தியானம் வரைக்கும் தேடினேன். எங்கயும் இல்ல. ஓட்டையே இல்லன்னா என் பட்டியலுக்கு ஒளிய எடமில்ல. வீட்டுக்குப் போயி, முட்ட எடுத்து வையின்னு அவகிட்ட சொன்னேன்.”

கேக்கை வெட்டினேன். முதல் துண்டை அவர் தட்டில் வைத்தேன். அவர் அதை நகர்த்தி என் பக்கம் வைத்தார்.